இரண்டு இரவு பாக்கி

ஜூன் 11

என் மகன் ரெம்சாங்கா இறந்த வீட்டில், மேளம் இல்லாமல் ஒரே ஓர் இரவு பாடிவிட்டு ஊர் எழுந்து போய்விட்டது. இது அநியாயம். யார் இறந்தாலும் மூன்று இரவு வந்து உட்கார்ந்து பாடுவதுதான் எங்கள் மிசோ மலையில் முறை. குடிகாரனுக்குப் பாடினோம். திருடனுக்கும் பாடினோம். அத்தனை வீட்டிலும் மேளம் அடித்தவன் நான்.

இளைஞர் சங்கச் செயலாளர் வான்கிமா சொன்னான்: "மாமா, போதை ஊசி போட்டுச் செத்தவனுக்கு மேளம் அடிச்சா மத்த பசங்களுக்கு எப்படிப் புத்தி வரும்?"

செத்தவனுக்கா பாடுகிறோம்? இருப்பவர்களுக்கு அல்லவா?

ஜூன் 14

மேளத்தைச் சுவரில் மாட்டிவிட்டேன். யாரும் சொல்லித் தந்ததில்லை. தகர டப்பாவில் தட்டித் தட்டி நானாகப் பிடித்த கை. நிறுத்தவும் எனக்கு உரிமை உண்டு.

ஜூன் 20

ரோபுயி இன்னும் அழவில்லை. கட்டிய நாள் முதல் அவள் வாய் சும்மா இருந்து பார்த்ததில்லை. அரிசி களைந்தால் பாட்டு, பன்றிக்குக் கீரை நறுக்கினால் பாட்டு, என்னைத் திட்டி முடித்ததும் ஒரு பாட்டு. இப்போது பலகையில் கத்தி மட்டும் தட்டுகிறது.

"அழுதுடேன்" என்றேன்.

"தனியா எப்படி அழுறது, ரெம்சாங்கா அப்பா? நாலு பேர் கூடிப் பாடினாத்தானே வரும்."

ஜூன் 29, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டுத் துவாங்கா வந்தான். மேளத்தைப் பார்த்து, "என்ன, எலிக்கு விருந்தா தொங்கவிட்டிருக்க?" என்றான்.

"எலிக்காவது நன்றி இருக்கும்."

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 8

காலையில் ஊர்க் கம்பத்து ஒலிபெருக்கி சொன்னது: வான்கிமாவின் தாய் இறந்துவிட்டாள்.

அடக்கம் முடிந்து அவனே வந்தான். செருப்பெல்லாம் கல்லறைச் சேறு.

"மாமா, உங்க மேளம்னா அம்மாவுக்கு உசுரு. வாங்க."

"என் வீட்டுல ரெண்டு ராத்திரி பாக்கி. அதைப் பாடிட்டுக் கூப்பிடு."

"அது சங்கத்து முடிவு மாமா, நான் ஒருத்தன்..."

"அப்ப மேளத்தையும் சங்கமே அடிக்கட்டும்."

போய்விட்டான். நான் சொன்னதில் என்ன தப்பு? ஒன்றுமில்லை.

ஜூலை 9

இருட்டும் நேரம் ரோபுயி சுவரிலிருந்து மேளத்தை இறக்கினாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"சாவு வீட்டுக்கு."

"அவன் வீட்டுக்கா? மானமில்ல உனக்கு?"

"மானத்தை நீங்களே வச்சுக்கோங்க. எனக்குப் பாட்டு வேணும்."

மழை. கைக்குழந்தையில் ரெம்சாங்காவைச் சுமந்த மாதிரியே மேளத்தை முதுகில் வைத்துச் சால்வையால் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கினாள். தடுக்கவில்லை. தடுத்தால் மட்டும் கேட்பாளா?

கதவைச் சாத்தினேன். சாத்தினாலும் கேட்கிறது. எவனோ என் மேளத்தை அவசர அவசரமாக அடிக்கிறான். அப்புறம் ஒரு குரல் மற்றவற்றை விட்டு மேலே ஏறி, உடைந்தது — அவள்தான். பாட்டை அவர்கள் நிறுத்தவில்லை. அவள் அழுது ஓயும்வரை அதே அடியைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள். அவன் தாய் செத்த வீட்டில், என் மகனுக்கு.

நிறுத்த வேண்டாமென்று யார் சொல்லியிருப்பார்கள்? வான்கிமாவா? இருக்காது. வேறு யார்?

ஜூலை 10

ரோபுயிக்கு முகமெல்லாம் வீக்கம். சோறு வடிக்கும்போது ஏதோ முனகினாள். ராகம் பாதியில் நின்றது. ஆனால் முனகினாள்.

"மேளம் எங்கே?"

"அங்கேயே விட்டுட்டேன். அவங்களுக்கு இன்னும் ஒரு ராத்திரி இருக்குல்ல."

நான் மாறவில்லை. ஆகவேண்டியதை எழுதி வைக்கிறேன்.

பாக்கி இரண்டு இரவையும் வான்கிமாவே வந்து பாட வேண்டும், ஆள் அனுப்பக் கூடாது. மேளத்தை அவனே தூக்கி வர வேண்டும், ஊர் பார்க்க, வெளிச்சம் இருக்கும்போதே. துவாங்கா பெஞ்சு கொண்டுவர வேண்டும். ரோபுயி எல்லாருக்கும் தேநீர் வைக்க வேண்டும். வெல்லம் தீர்ந்துவிட்டது, நாளை நான் வாங்க வேண்டும்.

கதவையும் நான்தான் திறக்க வேண்டும்.