சிஞ்ஞோராவைக் கீழே இறக்கிய கதை

பலெர்மோ,
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சந்திரமதி அக்காவுக்கு,

மலர் எழுதிக்கொள்வது. நானும் சாந்தனும் மகளும் சுகமாக இருக்கிறோம். லெஸ்டர் குளிருக்குள் உங்களையும் அத்தானையும் பிள்ளைகளையும் அம்மன் காக்கட்டும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் சிஞ்ஞோரா அமாலியாவின் பேரை எடுத்தாலே நீங்கள் அழத் தொடங்கிவிடுவீர்கள், பிறகு எனக்கும் கதை வராது. கோயிலுக்கு வரும் கிருசாந்தினி உங்கள் பக்கம் வருகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நீங்கள் அத்தனை வருடம் வேலைக்கு நின்று பராமரித்த மனிசியை என் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனபோதே அவருக்குப் பார்வை மங்கல். அதன்பிறகு இடது கண் முழுதாகப் போய்விட்டது. வலது கண்ணில் புகைக்குள் பார்ப்பதுபோல ஏதோ அசைவது தெரியும் என்பார். அந்தக் கண்ணைக் காப்பாற்ற ஒரு வருடமாகக் காத்திருந்து, தை மாதக் கடைசியில் சத்திரசிகிச்சைக்கு நாள் கிடைத்தது. அன்றைக்கு வராவிட்டால் மறுபடி வரிசையின் கடைசிதான், அதற்குள் இந்தக் கண்ணும் போய்விடும் என்று வைத்தியர் முகத்துக்கு நேரே சொன்னார்.

சிஞ்ஞோராவால் படி இறங்க ஏலாது என்று உங்களுக்குத் தெரியும், வினை லிப்டில் வந்தது. நத்தார்ப் பண்டிகைக்கு முன்பே நின்றுவிட்டது. ஏதோ சாமான் வடக்கிலிருந்து வரவேண்டுமாம். கட்டட நிர்வாகியிடம் எப்போது கேட்டாலும் "தொமானி" என்பார். இந்த ஊரில் நாளைக்கு என்றால் எந்த நாளைக்கு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. லிபெர்த்தா வீதியில் பணக்கார வீடு என்று பேர். வாசலில் பளிங்கு, குழாயைத் திறந்தால் காற்று. தண்ணீரும் இப்போது முறை வைத்துத்தான் வருகிறது. பாணும் மருந்தும் பால்கனியிலிருந்து விட்ட கூடையில் ஏறும், நான் ஐந்து மாடியும் படியில் ஏறுவேன். எனக்கு இடுப்பு இருக்கிறதா என்று சாந்தன் பகிடி பண்ணுகிறார்.

சிஞ்ஞோராவின் மகன் மிலானிலிருந்து காசு கட்டி ஒரு தனியார் அம்புலன்ஸ் ஒழுங்கு செய்திருந்தார். காலையில் இரண்டு பெடியள் வந்தார்கள். படி வளைந்து வளைந்து இறங்குவதைப் பார்த்தார்கள், தங்கள் சில்லுக் கதிரையைப் பார்த்தார்கள். பொறுப்பெடுக்க ஏலாது, லிப்ட் திருத்தினதும் எடுங்கோ என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்கள். சிஞ்ஞோரா கோட்டும் முத்துமாலையும் போட்டு, மடியில் கைப்பையோடு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். பரவாயில்லை மலர், பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்துவிட்டேன் என்றார். அந்தப் பெடியளுக்கு விழுந்த திட்டை இங்கே எழுதினால் கடிதம் நாறும்.

சாந்தனுக்குப் போன் அடித்தேன். தைப்பூசத்துக்குச் சாமி வாகனத்தைத் தோளில் தூக்கும் நீளத் தடிகளான கொம்புகளைக் கட்டுவதற்காக அவரும் கூட்டாளிகளும் லீவு போட்டுக் கோயிலில் நின்றார்கள். விஷயத்தைக் கேட்டதும், "சாமியையே தூக்கிறம், ஒரு மனிசியைத் தூக்கேலாதோ? வாறம், கோட்டைக் கழட்ட விடாதை" என்றார். டெனிஸ்டனும் மொரீசியஸ் ஜாக்கும் இன்னும் இரண்டு பேரும் கூட வந்தார்கள். வந்த வேகத்தில் கோயில் கொம்பு இரண்டையும் தோளில் கொண்டுவந்துவிட்டார்கள்! வீதியில் சாமி போகிற கொம்பு படி வளைவில் திரும்புமா? முதல் மாடியிலேயே சுவரில் இடித்து நின்றது. டெனிஸ்டன் தலையைச் சொறிந்தார். ஜாக்குக்குத் தமிழ் அரைகுறை, ஆனால் மூளை முழுசு. பால்கனிச் சீலையின் இரும்புக் குழாய்களைக் கழற்றி, கூடைக் கயிற்றால் சாப்பாட்டு மேசைக் கதிரையில் இறுக்கிக் கட்டினார்.

சாமி கோயில் படி இறங்குகிறபோது தூக்குவார்களே, அதே முறைதான். முன்னுக்கு நிற்பவர்கள் தோளுக்கு உயர்த்த, பின்னுக்கு நிற்பவர்கள் கையைத் தாழ்த்த, கதிரை துளியும் சரியவில்லை. சாந்தன் முன்னுக்கு நின்று, கதிரையைப் பார்த்தபடி முதுகுப் பக்கமாக இறங்கி, "மெல்ல, மெல்ல, வலப்பக்கம் பொறு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. ஒருநாளும் எனக்கு முகம் தராத மூன்றாம் மாடி வழக்கறிஞர் போன் வெளிச்சம் பிடித்தார். கீழ்வீட்டு மனிசி நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஊர்க்காவல் புனிதையின் தேர் வந்ததுபோல "வீவா பலெர்மோ ஏ சாந்தா ரொசாலியா!" என்று கத்தினாள். எங்கள் ஆட்கள் விடுவார்களா, "அரோகரா!" என்றார்கள். நான் இன்னும் சாகவில்லை, சும்மா இருங்கள் என்று ஏசிய சிஞ்ஞோரா, கையை மட்டும் உயர்த்தி எல்லோரையும் ஆசீர்வதித்துக்கொண்டே இறங்கினார். நான் கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன், இரண்டும்தான்.

டாக்ஸியில் பிந்திப் போய்ச் சேர்ந்தோம். தாதி முகத்தைச் சுளித்தாள், நான் அதைவிட நன்றாகச் சுளித்தேன். உள்ளே எடுத்தார்கள். சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது.

கட்டு அவிழ்க்க அடுத்த நாளும் வரச் சொன்னார்கள். மறுபடி ஐந்து மாடி ஏற்றி இறக்க ஆட்களும் இல்லை, அவர் உடம்பும் தாங்காது. எங்கள் வீடு தரையோடு இருப்பதால் இங்கே கூட்டி வந்துவிட்டேன். மகளின் கட்டிலில் படுக்க வைத்தேன். லிப்ட் இன்னும் ஓடவில்லை, ஆகையால் இன்றுவரை எங்களோடுதான் இருக்கிறார். இடியப்பத்துக்குச் சீனி போட்டுச் சாப்பிடுகிறார், உறைப்பு என்று கறியைத் தள்ளிவிடுகிறார். மகன் தினமும் போன் எடுக்கிறார், வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை.

கட்டு அவிழ்த்ததும் முதலில் யன்னலைப் பார்த்தார். பிறகு என் நாடியைப் பிடித்து முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீ இவ்வளவு சின்னப் பெண்ணா, குரல் கிழவி மாதிரி இருக்கிறதே என்றார். வீட்டுக்கு வந்ததும் மதியின் படம் காட்டு என்றார். உங்கள் பேஸ்புக் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். வெகுநேரம் போனை விடவில்லை. மதிக்கு நரைத்துவிட்டது, நரைத்துவிட்டது என்று இரண்டு தரம் சொன்னார்.

மற்றக் கண்ணுக்கும் ஏதும் செய்யலாமா என்று வைத்தியரைக் கேட்டேன். சிஞ்ஞோராவின் நெஞ்சைச் சோதித்த தாள்களைப் புரட்டிவிட்டு, இவருக்கு இந்த ஒரு கண் போதும் என்றார். போதும் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை அக்கா. நீங்களும் என்னிடம் கேட்காதேங்கோ.

பிள்ளைகளின் பள்ளி, உங்கள் வேலை, எல்லாம் எனக்குத் தெரியும். எப்படியாவது லீவு எடுத்துச் சித்திரைக்கு முன்னே ஒருதரம் வந்துவிட்டுப் போங்கோ. நேற்று சிஞ்ஞோரா என்னைக் கூப்பிட்டு, மதிக்குக் கட்டாயம் எழுது என்றார். அவளுக்கு முழங்கால் வருத்தம், படிக்குப் பயந்து வராமல் இருந்துவிடுவாள், நான் இப்போது கீழேதான் இருக்கிறேன் என்று எழுது என்றார்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும் தங்கை,
புனிதமலர்