சீட்டு இல்லாத வண்டி

மஸ்கட், வெள்ளிக்கிழமை

அன்புள்ள மஹிராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமி இப்போதாவது நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா? உனக்குத் தலைவலி குறைந்ததா? நான் சுகம்.

ஒரு வேடிக்கை நடந்தது. ஒர்க்‌ஷாப்புக்குப் பாறை ஏறும் பந்தய பைக் ஒன்று வந்தது. அதில் சீட்டே கிடையாது, நின்றபடிதான் ஓட்டுவார்கள். ஓட்டுகிறவரை ஏறி நிற்கவைத்து, பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து, அவர் எடைக்கு ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கை முறுக்க வேண்டும். நம்மூரில் எந்த வண்டியும் ஒற்றை ஆளோடு போகாதல்லவா, அந்தப் பழக்கத்தில் அளக்காமலே இரண்டு பேர் எடைக்கு முறுக்கிவிட்டேன். அவர் ஏறி நின்றார், பின்பக்கம் அசையவே இல்லை.

பெண்ணாடத்துக்கார ஃபோர்மேன் சிரித்துவிட்டார். "சீட்டே இல்லாத வண்டிக்கு டபுள்ஸ் டைட்டு வச்சிருக்கியே, பின்னாடி யாருப்பா வராங்க?"

நானும் சிரித்தேன். ஆனால் ஸ்பிரிங்கைத் தளர்த்தும்போது, ஒவ்வொரு சுற்றுக்கும் உன் தம்பி அனஸை வண்டியிலிருந்து இறக்கிவிடுவது போலவே இருந்தது.

யாராவது வந்தால் நம்மூர் பீங்கான் கப் ஒன்று கொடுத்தனுப்பு. பேப்பர் கப்பில் குடித்தால் டீ குடித்த மாதிரியே இல்லை. வூட்டில் நிற்கும் என் வண்டியின் பின் ஷாக்கை யாரும் தொட வேண்டாம்.

அனஸ் மௌத்தான அன்று, கம்மாபுரம் ரோட்டில் அந்த லாரி வருவதற்கு முன்னால், "இங்கயே எறக்கி வுடுங்க மச்சான், நான் பஸ்ஸுல வந்துக்கறேன்" என்று இரண்டு தடவை சொன்னான். நான் நிறுத்தவில்லை.

இதை அவனைப் பெற்ற மாமியிடம் சொல்வதா வேண்டாமா, நீயே பார்த்துக்கொள். எங்களைக் கூட்டிப்போக வந்த வேன் ஹாரன் அடிக்கிறது.

உன்
இர்ஷாத்