ரியோஜியின் முதுகில் என் கண்ணாடி

1993 மார்ச் 9, கியோத்தோ

உலையில் வார்த்த கண்ணாடி இரண்டாம் முறை சூடாக்கியதில் பால் வெள்ளையாகிவிட்டது. இனி அது கல் மாதிரி. அதில் ஒரு துண்டு என் கணவர் ரியோஜியின் முதுகெலும்பில், புற்று தின்ற இடத்தில் உட்காரப் போகிறது. பதினோரு வருடம் ஆய்வகத்தில் முயலுக்கும் ஆட்டுக்கும் இதைச் செய்து கொடுத்தவள்தான். இன்று மூன்று முறை எடை போட்டுப் பார்த்தேன்.

அவருக்குக் கிண்டல். “டிராம் ஓட்டுறவன் முதுகுல கண்ணாடியா? பிரேக் போட்டா விரிசல் விடாதா?”

“விட்டா கொண்டாங்க, மாத்தித் தரேன்.”

மார்ச் 19

அறுவை சிகிச்சை முடிந்தது. ஏழு மணி நேரம்.

மார்ச் 31

படுத்தபடியே சாப்பிடுகிறார். முட்டைச் சுருளைத் தன் சாப்பாட்டுக் குச்சியால் எடுத்து என்னிடம் நீட்டினார். நானும் யோசிக்காமல் என் குச்சியால் வாங்கிவிட்டேன். அவருடைய அக்கா ஃபுமியே என் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள்.

“அறிவிருக்கா மிசாவோ? குச்சிக்குக் குச்சி வாங்குறது எரிச்ச எலும்பை எடுக்கும்போதுதான்! உசிரோட இருக்கிறவன்கிட்டயா வாங்குவே?”

அவர் சிரித்தார். நான் முட்டையைக் குப்பையில் போட்டேன். ஆராய்ச்சிக்காரியாம் நான். கழிவறையில் போய் அழுதேன்.

ஜூன் 14

அதே வார்ப்பில் மிஞ்சிய சில்லில் எலும்புச் செல்களை வளர்த்து வருகிறோம். இன்று இடமே மிச்சமில்லாமல் படர்ந்திருந்தன. மதியம் அவருடைய எக்ஸ்ரே வந்தது. டாக்டர் சொன்னார்: “நடுவுல இடைவெளியே தெரியலம்மா. எலும்பு உங்க சரக்கைக் கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு.”

பிழைத்துவிட்டார். பிழைத்துவிட்டார்!

அக்டோபர் 2

டிராம் நிறுத்தம் வரை கம்பில்லாமல் நடந்தார்.

நவம்பர் 25

புற்று நுரையீரலுக்குப் பரவிவிட்டதாம்.

1994 பிப்ரவரி 8

என் கண்ணாடி எலும்பை வளர்த்தது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். அது எனக்குத் தெரியாதா? பின்னே எதை நம்பி ஜூன் மாதம் அப்படிக் குதித்தேன்? மூச்சுக்கு ஏங்குகிறார். என்னால் பார்க்க முடியலை — முடியலை.

பிப்ரவரி 17

தகனம் முடிந்து எலும்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். சாம்பலுக்கு நடுவில், வெள்ளையாக, என் துண்டு. மேலும் கீழும் அவருடைய எலும்பு ஒட்டியபடியே இருந்தது.

“உடம்புல வெச்சதையெல்லாம் தனியா எடுத்துருவோம்மா” என்று ஊழியர் பிரிக்கப் பார்த்தார். “வரமாட்டேங்குதே. கலசம் வேற சின்னது. தட்டி உடைச்சிரட்டுமா?”

ஃபுமியே அக்காதான் சொன்னாள்: “உடைக்காதீங்க. பெரிய கலசமா கொண்டாங்க.”

அவளே அதைக் குச்சியால் எடுத்து என் பக்கம் நீட்டினாள். நான் குச்சியைத் தூக்காமல் நின்றேன்.

“வாங்கிக்க மிசாவோ. இப்ப வாங்கலாம்.”

வாங்கிக்கொண்டேன். என் துண்டின் எடை எனக்கு மனப்பாடம். அதைவிடக் கனமாக இருந்தது.