வானொலியை யாரும் அணைக்கவில்லை

வியாழக்கிழமை, இரவு.

சுங்கை ஊடாங்கில் வேலை முடிந்து, வழக்கம்போலக் கூட வேலை செய்யும் மலாய்க்காரர் அஸ்மியின் காரில்தான் வந்தேன். வானொலிச் செய்தியில் மதம், கோயில் என்று வந்தால் நாங்கள் யாராவது ஒருவர் அதை அணைத்துவிடுவோம். பேசி வைத்துக்கொண்டதில்லை. இன்று ஏதோ சாலையோரக் கோயிலை இடம் மாற்றுவது பற்றிச் சொன்னார்கள். இருவர் கையும் நகரவில்லை.

"அடுத்தவங்க நிலத்துல ஏன் கோயில் கட்டுறீங்க?" என்று அஸ்மி மலாயில் கேட்டார். குரலில் கோபமில்லை. அதனால் நானும் மனதில் இருந்ததைச் சொன்னேன். எங்கள் ஆட்கள் வேலை செய்த எஸ்டேட் இருந்தபோதே கோயிலும் இருந்தது, எஸ்டேட்டை விற்றவர்கள் எங்களைக் கேட்கவில்லை என்றேன். புக்கிட் பெருவாங்கில் நான் இறங்கும்போது தினமும் சொல்கிற 'நாளைக்குப் பார்ப்போம்' கூட இல்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஒருத்தர் காடியில ஏறிப் போறப்ப பேசுற விசயமா இது? சும்மா வந்திருக்கலாம்லா" என்றார்.

சாப்பிடும்போது அஸ்மியிடமிருந்து மெசேஜ். கார் பழுதாம், நாளைக்கு பஸ்ஸில் போகச் சொல்லியிருந்தார். பரவாயில்லை என்று அனுப்பினேன். எப்போது சரியாகும் என்று கேட்க டைப் செய்து, அழித்துவிட்டேன்.

சாயங்காலம் அந்தக் கார் நன்றாகத்தான் ஓடியது.