வெறும் சாம்பல் தாள்

மார்ச் 4, செவ்வாய்
மாலை முழுக்கக் குளியலறையில் அடைந்து கிடந்தேன். ஜன்னலில் கறுப்புத் துணி, சிவப்பு பல்பு, பலகைமேல் மருந்துத் தட்டுகள். நாத்தனார் முகத்தைப் படமாக அடிக்கத் தாள் தாளாகப் போயிற்று. காய்ந்ததும் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். "ஒண்ணு கரி, இல்லைன்னா சுண்ணாம்பு. நடுவுல சாம்பல்னு ஒண்ணு இருக்கறது உனக்குத் தெரியாதா?"

போட்டோ கிளப் கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுப்பவர் இவர்தான். ஆறு வருஷமாக என் படம் ஒன்றுகூட அந்தச் சுவர் ஏறவில்லை. இந்த வருஷம் ஏறியே ஆகவேண்டும்.

மார்ச் 9
ஈரத்தில் பளிச்சென்று இருப்பது காய்ந்ததும் இருட்டிவிடுகிறது. கன்னமெல்லாம் சேறு. இனிக் கொஞ்சம் வெளிறினாற்போலவே அடிக்க வேண்டும். இதைக்கூடச் சொல்லித்தரவில்லை, மகராசன்.

மார்ச் 11
வந்துவிட்டது. மூக்கு நிழலிலிருந்து நெற்றி வரை படிப்படியாக வெளுக்கும் சாம்பல். கழுத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிகிறது.

இவர்: "இதெல்லாம் ஒரு முகமா? சமையலாவது உருப்படியா வருதான்னு பாரு."

அழவில்லை. — பொய். அழுதேன்.

மார்ச் 15, சனி
ஒரு கூத்து. படம் பெரிதாக்கும் என்லார்ஜரில் நெகட்டிவைச் செருக மறந்து, சோதனைக்காக ஒரு நொடி வெறும் வெளிச்சத்தையே அடித்திருக்கிறேன். தாள் முழுக்க ஒரே சாம்பல், முகமாவது மண்ணாவது. மற்றவற்றோடு காயப்போட்டிருந்தேன். இவர் அதை எடுத்து, "அக்கா கன்னத்துல இன்னும் கரி போகல" என்றார்.

கேலியோ என்று பார்த்தேன். இல்லை. கண் தாளை விட்டு எங்கோ பக்கத்தில் நின்றது.

மார்ச் 16
தம்ளரைத் தடவி எடுக்கிறார். செய்தித்தாளை விரித்துப் பிடிக்கிறார், பக்கம் புரட்டுவதில்லை. எத்தனை நாளாக இப்படி? எந்தப் படத்தைப் பார்த்துத் திட்டினார், எதைப் பார்க்காமலே திட்டினார்? மனுஷனுக்குக் கண் போயிருக்கு, எனக்கு ஏன் இரக்கமே வரல?

மார்ச் 17
டாக்டரிடம் போகலாமா என்றேன்.
"என் கண்ணுக்கு ஒண்ணுமில்ல. உன் கைக்குத்தான் வைத்தியம் பாக்கணும்."
சரி.

மார்ச் 22
தேர்வு நாள். அந்தச் சாம்பல் தாளை அட்டையில் ஒட்டி, கிளப் ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் இவர் கையில் கொடுத்தேன். "உங்க அக்கா படம்" என்று மட்டும் சொன்னேன்.

பேசினார். கண்ணில் உயிரில்லையாம். நெற்றி தட்டையாம். இவளுக்குச் சாம்பல் கைவராதாம். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் செயலாளர்தான் மெதுவாக, "சார்... அதுல முகமே இல்ல சார்" என்றார்.

இவர் விரலால் தாளைத் தடவினார். தடவினால் தெரிந்துவிடுமா?

எனக்கு நன்றாக இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, ரொம்ப நன்றாக இருந்தது.

ஏப்ரல் 2
செயலாளர் தேர்ந்தெடுத்தார். மார்ச் 11-இல் வந்த நாத்தனார் படம் கண்காட்சிச் சுவரில். இவர் வரவில்லை.

ஏப்ரல் 19
கண்காட்சி முடிந்து படம் வீட்டுக்கு வந்தது. இவரிடம் கொடுத்தேன்.
"நல்லா இருக்கு."
இப்போதெல்லாம் எதற்கும் இதே பதில். உப்புப் போடாமல் வைத்தாலும் நல்லா இருக்கிறதாம்.
"சரியாப் பாத்துச் சொல்லுங்க. கன்னத்துல கரி இருக்கா?"
"இல்ல. நல்லா வந்திருக்கு."
வாங்கி, தலைகீழாகத் திருப்பி, வேறொரு படம் என்று சொல்லிக் கொடுத்தேன்.
"இதுவும் நல்லா இருக்கு" என்றார்.