பச்சைக் கம்பி

காஜா பேராங்,
மலாக்கா.
28-10-1959

அன்பு மகன் சேதுபதிக்கு அப்பா எழுதிக்கொள்வது. சீமைக் குளிரில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் முருகன் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே நாங்கள் மூவரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, பழக்கம். ஆனால் இந்தக் கடிதத்தில் பழக்கத்துக்காக ஒரு வரியும் எழுதக் கூடாது என்று உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவின் வலது கை இன்னும் மாவுக்கட்டில்தான் இருக்கிறது, கட்டைப் பிரிக்க இன்னும் நான்கு வாரம் ஆகும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மல்லிகா தரையைக் கழுவிவிட்டுச் சோப்புத் தண்ணீரைத் துடைக்காமல் விட்டாள், அதில் அம்மா வழுக்கி விழுந்து கை ஒடிந்தது என்று உனக்கு எழுதினேன் அல்லவா, அது முழுப் பொய். உன் தங்கை தரையைக் கழுவினாள், நன்றாகத் துடைக்கவும் செய்தாள். அம்மாவைத் தூக்கி எறிந்தது மின்சாரம். அதற்குக் காரணம் நான்.

வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பழைய சாமான் ஏலத்தில் ஓர் ஆஸிலோஸ்கோப் வாங்கியதாக ஜூன் மாதம் எழுதியிருந்தேன். ரேடியோவுக்குள் ஓடும் அலையை வட்டக் கண்ணாடியில் பச்சைக் கோடாகக் காட்டும் பெட்டி, நம் தெருவுக்கே புதிது. நீ உடனே இரண்டு தாள் நிறைய எழுதினாய். அப்பா, புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் பிளக்கில் மூன்று கம்பியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பெட்டியில் கசியும் மின்சாரத்தைத் தரைக்கு இறக்குவது பச்சைக் கம்பிதான், அதை ஒருநாளும் கழற்றாதீர்கள், டிரான்ஸ்பார்மர் இல்லாத சின்ன ரேடியோவில் ஸ்கோப்பின் கவ்வியை மாட்டவே மாட்டாதீர்கள், அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும், பின்பக்கத்தைத் திறக்காதீர்கள், ஒரு கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு மறு கையால் மட்டும் வேலை செய்யுங்கள் என்று. படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாக ரேடியோ பழுது பார்க்கிறேன், அப்பாசாமி என்ற பெயர் தெரியாதவன்கூட ரேடியோக்காரர் என்றால் நம் வீட்டைக் காட்டுவான், என் பிள்ளை எனக்குப் பாடம் சொல்கிறானா என்று ரோசம். நான் கைலி கட்டுகிறவன், எந்தப் பைக்குள் கையை வைப்பது என்று அம்மாவிடம் கேலி பேசினேன். உன் கடிதத்தை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அண்டை கொடுத்தேன். நேற்றுத்தான் அதை எடுத்து ஒழுங்காகப் படித்தேன்.

சரஸ்வதி பூசைக்கு ஒரு வாரம் முன்பு பக்கத்து வீட்டுச் சின்னப்பா தன் ரேடியோவைக் கொண்டுவந்து போட்டார். டிரான்ஸ்பார்மர் இல்லாத சின்ன ரேடியோ. வீட்டு மின்சாரம் நேரே ஏறி நிற்கும் அதன் தகரத் தட்டில் ஸ்கோப்பின் கவ்வியை மாட்டி சுவிட்சைப் போட்டதும் பட்டென்று பியூஸ் போய்விட்டது. வேறு போட்டேன், அதுவும் போய்விட்டது. அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நானோ, தொல்லையெல்லாம் இந்தப் பச்சைக் கம்பியால்தான் என்று பிளக்கைத் திறந்து அதை மட்டும் கழற்றி டேப் சுற்றிவிட்டேன். பிறகு பியூஸ் போகவில்லை, கோடு அழகாக ஆடியது, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். ரேடியோத் தட்டில் இருந்த மின்சாரம் கவ்வி வழியாக ஸ்கோப்பின் பெட்டிக்கே வந்து, இறங்க வழியில்லாமல் நின்றிருக்கிறது. நான் ரப்பர் செருப்போடு பலகை மேல் நின்று வேலை செய்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

சரஸ்வதி பூசையன்று ஸ்பேனர், திருப்புளி, பற்றவைக்கும் கோல் எல்லாவற்றையும் துடைத்துப் படத்துக்கு முன்னால் அடுக்கினோம், நடுவில் ஸ்கோப். பூசையில் வைத்த சாமானை அன்று வேலை வாங்கக் கூடாது என்பது உனக்கே தெரியும். அம்மாவும் சொன்னாள், இன்னிக்கு ஒரு நாளாச்சும் அதச் சும்மா விடுங்களேன் என்று. எனக்கோ, சாயங்காலம் சுண்டல் வாங்க வரும் அக்கம்பக்கத்தார் ரேடியோவின் நாதஸ்வரத்துக்கு ஏற்ப பச்சைக் கோடு ஆடுவதை வாயைப் பிளந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. சின்னப்பாவின் ரேடியோவில் கவ்வியை மாட்டி இரண்டையும் ஓட விட்டேன். மல்லிகா பூ வாங்கப் போயிருந்தாள். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து ஒவ்வொரு சாமானுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். வெறுங்கால், சிமெண்டுத் தரை, விரலெல்லாம் ஈரச் சந்தனம். ஸ்கோப்பின் பெட்டியைத் தொட்டாள். ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை, பின்னால் போய் விழுந்தாள், கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. நான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன், மூச்சு இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. அதற்கு அடுத்து நான் செய்தது என்ன தெரியுமா தம்பி, சத்தம் கேட்டுச் சின்னப்பா வருவதற்குள் கவ்வியைக் கழற்றி ஒளித்தேன். எழுதவே கூசுகிறது.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் டிரஸ்ஸர் கேட்டபோது தரை வழுக்கிவிட்டது என்றேன். விரல் நுனி ஏன் கருகியிருக்கிறது என்றார், குத்துவிளக்கு சுட்டது என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. ரேடியோக்காரர் சொந்தப் பெண்டாட்டிக்கே ஷாக் வைத்தார் என்று ஊரில் தெரிந்தால் யார் என்னிடம் ரேடியோ கொண்டு வருவார்கள் என்பதுதான் அப்போது என் கவலை. வீட்டுக்கு வந்ததும் மல்லிகா, நான் நல்லாத்தானப்பா தொடச்சேன் என்று கேட்டாள். இல்லை, ஓரத்தில் ஈரம் இருந்தது என்று அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவளும் நம்பிவிட்டாள்.

முந்தாநாள் உன் கடிதம் வந்தது. வழக்கம் போல மல்லிகாதான் உரக்கப் படித்தாள். ஒரு தரையைக்கூட ஒழுங்காகத் துடைக்கத் தெரியாதா, அம்மாவைக் கொன்றுவிடப் பார்த்தாயே என்று அவளுக்கு நீ எழுதிய வரிகளையும் விடாமல் படித்தாள், குரல் மட்டும் இறங்கிப்போனது. நேற்று அவள் பள்ளிக்கூடம் போன பிறகு அம்மா சொன்னாள், ஒங்க மானம் போகக் கூடாதுன்னு நான் வாய மூடிக்கிட்டேன், பழி போட என் புள்ளதானா கெடச்சா என்று. இன்று காலை மல்லிகாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. அம்மாவுக்கு இது தெரியுமா என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன். எழுந்து உள்ளே போனவள் இதுவரை எங்கள் இருவரிடமும் பேசவில்லை. சின்னப்பாவிடமும் போய்ச் சொன்னேன். அவர் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார், அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது.

பச்சைக் கம்பியை மறுபடி பூட்டிவிட்டேன், ஸ்கோப்பைத் துணி போட்டு மூடியிருக்கிறேன். நீ முதல் பாடத்திலிருந்து எழுதிய பிறகுதான் அதைத் தொடுவேன். ஒன்றும் தெரியாதவனுக்கு எழுதுவது போலவே எழுது, ரோசப்பட மாட்டேன். அதற்கு முன் மல்லிகாவுக்கு, அவள் பெயர் போட்டுத் தனியாக ஒரு கடிதம் எழுது, மறந்துவிடாதே. கம்பளிச் சட்டையை ஈரத்தோடு போடாதே, வேளைக்குச் சாப்பிடு. போன கடிதத்தின் அடியில் அம்மா எழுதியதாக இரண்டு வரி இருந்ததே, அதுவும் நான் எழுதியதுதான். இன்று அவளே இடது கையால் எழுதுகிறேன் என்கிறாள், நான் தாளை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். நீ என்னைவிட நல்ல மனிதனாக, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அப்பா
அப்பாசாமி

சேது, அவர் எழுதியது எல்லாம் நிசம். பதினேழு நாளாக மல்லிகாதான் எனக்குச் சோறு ஊட்டினாள். நானும் பேசாமல் வாங்கிச் சாப்பிட்டேன்.
அம்மா