நீ கேட்ட உறுதி

அன்புள்ள பெரியவனுக்கு,

ஸ்கேன் முடிவைச் சொன்ன அன்று டாக்டர் அறையில் இருந்தவர்கள்: உன் அப்பா, நான், உன் தங்கை, அவள் வீட்டுக்காரர், டாக்டர், கம்ப்யூட்டரில் படத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டிய ஸ்கேன் எடுக்கிற பெண். ஆக ஆறு பேர். டாக்டர், "மூத்த பிள்ளை வரலையா?" என்று கேட்டார், எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நீயும் மருமகளும் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கடவுளிடம் கேட்கிறேன், எத்தனை மனத்தாங்கல் இருந்தாலும் ஒரு நாளும் விட்டதில்லை. இங்கே நலம் என்று பொய் எழுதத்தான் கை வரவில்லை.

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். போன வருஷம் அப்பாவின் தலையில் முன்பு ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்த இடத்தில் எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்ததும் பதறிப்போய் உன்னைக் கூப்பிட்டேன், நீயும் போட்டது போட்டபடி ஓடி வந்தாய், கடைசியில் அது கட்டி இல்லை, ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்ததில் வந்த தழும்பு என்றார்கள். நாங்கள் கும்பிட்டோம். நீ பெட்டியை மூடிக்கொண்டே, "இனிமே சும்மா சும்மா கூப்பிடாதீங்கம்மா, உறுதியாத் தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க" என்றாய். அப்பாவுக்குக் கட்டி இல்லை என்பதே உனக்கு நஷ்டம் போல இருந்தது. இதை எழுதக் கூடாது, எழுதிவிட்டேன், அடித்து அழிக்கப் போவதில்லை.

இந்தத் தடவையும் வெள்ளை தெரிந்தது. அப்பாவுக்கு வார்த்தை தடுமாறுகிறது, சாவியைக் கேட்க நினைத்துச் செருப்பைக் கேட்கிறார், பிறகு தானே சிரித்துக்கொள்கிறார். அப்போது நான் உன்னைக் கூப்பிடவில்லை, உறுதி வேண்டும் என்றாயே. பெட் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். எம்.ஆர்.ஐ.யில் தழும்பும் கட்டியும் ஒரே வெள்ளையாம், பிரித்துச் சொல்வது கஷ்டமாம். பெட் ஸ்கேனில் லேசான கதிர்வீச்சு உள்ள மருந்தை ஊசியில் ஏற்றிப் படம் எடுக்கிறார்கள், வளர்கிற கட்டி பசியில் அதை இழுத்துக்கொண்டு பளிச்சென்று தெரியும், தழும்பு இருட்டாகக் கிடக்கும். அந்தப் பெண்ணிடம் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் எனக்கு விளங்கியது. ஆயுசு முழுக்கக் கடவுளிடம் வெளிச்சம் கேட்டவள், அன்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இருட்டு கேட்டேன். ஊசி போட்ட பிறகு நர்ஸ், இன்றைக்கு மட்டும் குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும் என்றாள். அப்பா உடனே, "எங்க பெரியவனுக்கு இதை முன்னாடியே சொல்லிட்டீங்க போல சிஸ்டர், அவன் எப்பவோ தள்ளிப் போயிட்டான்" என்றார். அவள் புரியாமல் சிரித்தாள், அப்பாவும் சிரித்தார். அதில் மட்டும் அவருக்கு ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை.

பளிச்சென்றுதான் தெரிந்தது. நீ கேட்ட உறுதி வந்துவிட்டது, எடுத்துக்கொள். கட்டி, பேச்சு வருகிற இடத்தை ஒட்டி இருக்கிறதாம். அடுத்த மாதம் ஆபரேஷன். விட்டுவைத்தால் ஆளே மிஞ்ச மாட்டார், எடுத்தால் பேச்சு மிஞ்சுமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். "அதைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்கேன் இல்லையா டாக்டர்?" என்று உன் தங்கை கேட்டாள். உன்னிடம் கெஞ்சக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. "அவன் பொழப்பைக் கெடுக்காத, அவனாக் கேட்டா சொல்லு" என்கிறார். ஆனால் யார் போன் அடித்தாலும் முதலில் திரும்புகிற தலை அவருடையதுதான், தூங்கும்போதுகூடப் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படுக்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு. தலைவலி வந்தால் மாத்திரையைப் போட்டு மறைக்காதே, அப்பா அப்படித்தான் மறைத்தார். உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அதைக் கடவுளிடம் முறையிடும்போதும் உனக்கு ஒரு கேடும் வந்துவிடாதபடி வார்த்தையைப் பார்த்துத்தான் சொல்கிறேன். மூவரும் நன்றாக இருங்கள். உன்னை வரச் சொல்லவில்லை. அப்பாவுக்குப் பேச்சு இருக்கும்போதே ஒரு தடவை அவரோடு பேசு. சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா